பதினேழாம் எண்

டாக்டர் செங்குட்டுவனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று காலை ஒன்பது மணிக்கே இரண்டு காதும் செம்பருத்தி.

இருபத்திரண்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மாடாய் உழைத்தவர். ஐம்பத்து மூன்று வயதில், தன்னைவிடப் பத்து வயது இளையவரான நரம்பியல் மருத்துவர் மெஹ்ருன்னிசாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார். மூளைக் கட்டிக்குச் சர்க்கரைதான் தீனி. சோறு, இட்லியை நிறுத்தி ரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்து, கூடவே ஒரு மாத்திரையும் கொடுத்தால் அதன் கொட்டம் அடங்குமா? நாற்பது நோயாளிகளை வைத்து அதைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோயாளிகள் பெயர் எழுதிய நோட்டை மெஹ்ருன்னிசாவின் மேசையில் பொத்தென்று போட்டு, செங்குட்டுவன் பேனாவைத் திறந்தார்.

"பதினேழாம் எண் மேடம். சவரிமுத்து. வெறும் வயித்துல எடுத்த ரத்தம், மூணாவது தடவையா சர்க்கரை ஏறி நிக்குது. கேட்டா, ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படலைன்னு சத்தியம் பண்றான். பேரை அடிச்சிடட்டுமா?"

"அடிச்சா?"

"மாத்திரை நிக்கும்."

"வெளியில வாங்கிக்குவாரா?"

"வெளியில கிடைக்கவே கிடைக்காது."

சொன்னதும் காது கொஞ்சம் வெளுத்தது.

"நல்ல மனுஷன்தான் மேடம். போன வாரம் எனக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்தான். அதான் வயிறு எரியுது. பொய் சொல்றவனை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதை மட்டும் சொல்லிக் கொடுங்க, போதும்."

"வாங்க, டீ குடிப்போம்."

ஆஸ்பத்திரி வாசலில் சடையாண்டி டீக்கடை. எதிரே வேப்பமரத்தடியில் சவரிமுத்து மனைவியோடு உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் பாதி எழுந்து கும்பிட்டார். செங்குட்டுவன் பார்க்காத மாதிரி கிளாஸை வாங்கி, ஒரே இழுப்பில் பாதியை இறக்கினார்.

"முகம் வாடிக் கிடக்கே. காலையில சாப்டீங்களா சார்?"

"எங்க மேடம் நேரம்? ஆறு மணிக்கு வந்தவன். இந்த நிமிஷம் வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படலை."

மெஹ்ருன்னிசா கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, சாருக்கு இது எத்தனையாவது?"

"நாலாவதும்மா. எல்லாத்துலயும் சர்க்கரை தூக்கலா."

வாய்க்குப் போன கிளாஸ் பாதி வழியில் நின்றது.

அதை அப்படியே வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனார் செங்குட்டுவன்.

"சவரிமுத்து, காலையில டீ குடிச்சியா?"

"குடிக்காம? பஸ் ஏறும்போது ஒண்ணு, இறங்கினதும் ஒண்ணு. இருபது வருஷம் கண்டக்டரா இருந்த உடம்பு சார்."

"ஏன்யா எங்கிட்ட சொல்லலை?"

"டீயைப் போய் யாரு சார் சாப்பாட்டுல சேர்ப்பா?"

அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "நீங்க எழுதிக் கொடுத்ததைத்தான் சார் மூணு வேளையும் போடுறேன். பண்டிகைக்குக்கூட ஒரு இட்லி கண்ணுல காட்டலை. பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

செங்குட்டுவன் மெதுவாகத் திரும்பி வந்தார். பெயரை அடிக்கத் திறந்த பேனா இன்னும் கையிலேயே இருந்தது.

"இப்ப நான் என்ன மேடம் பண்ணட்டும்?"

மெஹ்ருன்னிசா தன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"அடிக்கிறதுன்னா அவர் பேரோட உங்க பேரையும் சேர்த்து அடிச்சிடுங்க சார். ஒருத்தரை மட்டும்னா எனக்குக் கட்டுப்படியாகாது."