பண்ணையார் கொன்ற நல்லபாம்பு

பண்ணையார் தில்லைநாதன் நல்லபாம்பை ஒரே அடியில் கொன்றாராம். மீசையை முறுக்கி முறுக்கி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தோட்டக்காரி இருளாயிக்குக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. பூந்தொட்டியிலிருந்து நெளிந்து வந்தது விரல் நீளப் புழுப்பாம்பு, அதற்குக் கண்கூடத் தெரியாது. இவர் அலறிக்கொண்டு கம்பைத் தேடுவதற்குள் அது மண்ணுக்குள் போய்விட்டது.

"செத்த பாம்பைக் காட்டுங்க" என்று ஊர் கேட்டதும், பண்ணையார் இருளாயி மேல் பாய்ந்தார்.

"நாளைக் காலையில செத்த நல்லபாம்பு வாசல்ல கிடக்கணும். இல்லாட்டி வேலைக்கு வராதே."

செத்த பாம்புக்கு அவள் எங்கே போவாள்? மறுநாள் துணி மூடிய தொட்டியோடு வந்தாள். பின்னாலேயே சவரக் கத்தியோடு நாவிதர்.

"கொண்டாந்துட்டேன் ஐயா. நம்ம ஊர் முறைப்படி நல்லபாம்பைக் கொன்னவங்க மொட்டையடிச்சு, மீசையை எடுத்து, பால் ஊத்திக் கொள்ளி வைக்கணும்ல. உட்காருங்க."

கூடியிருந்த ஊர் தலையாட்டியது. பண்ணையார் மீசையைப் பொத்திக்கொண்டார்.

"அது நல்லபாம்பு இல்ல. புழுப்பாம்பு."

"சரி, மீசையை விட்டுடலாம். மொட்டை மட்டும்" என்றாள் இருளாயி.

"நான் அதைக் கொல்லவே இல்ல."

இருளாயி துணியை விலக்கினாள். ஈர மண்ணில் புழுப்பாம்பு நெளிந்தது.

"இதை நேத்தே சொல்லியிருந்தா, மண்ணைத் தோண்டித் தேடின நேரத்துல நான் செடிக்குத் தண்ணியாவது ஊத்தியிருப்பேன்" என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.