ஒற்றைக்கால் ஆஸ்பத்திரி

அல்லிக்குளத்தங்கரையில் காட்டு மிருகங்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அதற்கு ஹெட் நர்ஸ், தவமணி என்கிற வெள்ளைக் கொக்கு.

நர்ஸ் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். விடிந்ததும் வந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் போக வேண்டும். காலையில் பேர் கூப்பிடும்போது ஒற்றைக்காலில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். தவமணியின் சட்டம் இது. அதனால் அங்கிருந்த பன்னிரண்டு நர்சுகளும் கொக்குகளே. வரிசையாக நின்றால் அடேயப்பா, என்ன அழகு! தவமணிக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் கோமளம் என்ற அணில் வேலை கேட்டு வந்தது.

"சிஸ்டர், எனக்கு மூணு குட்டி. பால் கொடுத்துட்டு வந்து, மத்தியானம் வரைக்கும் பார்க்கிறேன்."

"அரை நாள் நர்ஸா? நல்லா இருக்கே கதை! சரி, ஒற்றைக்காலில் நில்லு பார்ப்போம்."

அணில் நின்றது. தொபுக்கென்று விழுந்தது. பன்னிரண்டு கொக்குகளும் களுக்கென்று சிரித்தன.

பின்னாலேயே முத்தையன் என்ற முள்ளம்பன்றி வந்தது.

"பகல்ல எனக்குக் கண் கூசும் சிஸ்டர். சாயங்கால டியூட்டி கொடுங்க."

"ஆம்பளை நர்ஸா? அதுவும் கறுப்பா? போய்யா, போ!"

மழைக்காலம் பிறந்தது. கொக்குகள் கூடு கட்டும் காலமும் அதுதான். பன்னிரண்டும் ஒன்றாக வந்து நின்றன.

"சிஸ்டர், முட்டை வச்சிருக்கோம். வீட்டுக்காரர் பாதி நேரம் அடைகாப்பார். அரை நாள் மட்டும் வர்றோமே?"

"வந்தா முழு நாள்! இல்லேன்னா வரவே வேண்டாம்!"

"சரி சிஸ்டர்" என்று பன்னிரண்டும் பறந்துவிட்டன.

அந்த வாரமே மழைக்காய்ச்சல் பரவியது. முப்பது கட்டிலும் நிரம்பிவிட்டன. தவமணி இங்கே கஞ்சி ஊட்டினால், அங்கே ஒன்று வாந்தி எடுத்தது. அப்போதுதான் தாய் முயல் ஒன்று தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. குட்டியின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"நெற்றியில் ஈரத்துணி மாத்திக்கிட்டே இருக்கணும். விட்டா பிழைக்காது" என்றது வைத்தியர் கரடி.

துணி மாற்ற உட்கார்ந்தால் மற்றவர்களை யார் பார்ப்பது? தவமணிக்கு அழுகையே வந்துவிட்டது. தாய் முயலிடம் துணியைக் கொடுத்துவிட்டு, வெட்கத்தை விட்டு அணிலின் பொந்துக்குப் பறந்தது.

"கோமளம், தாயே! அரை நாளாவது வாம்மா!"

"ஒற்றைக்காலில் நிற்கணுமா சிஸ்டர்?"

"அடி போடி! தலைகீழா வேணும்னாலும் வா!"

அங்கிருந்து முத்தையனிடமும் கொக்குகளிடமும் பறந்து, அப்படியே கெஞ்சியது. காலையில் அணில் பார்த்தது. மத்தியானம் கொக்குகள் மாறி மாறி வந்தன. சாயங்காலம் முத்தையன் வந்து விடியும்வரை பார்த்தது. துணி ஒரு நொடிகூடக் காயவில்லை. நாலாம் நாள் முயல்குட்டி கண் விழித்து, அறுகம்புல் வேண்டுமென்று அடம் பிடித்தது.

விஷயம் தெரிந்து, காட்டுச் சபை ஆஸ்பத்திரி வாசலிலேயே தவமணிக்கு மாலை போட்டது.

"எல்லா இனத்தையும் சேர்க்கணும், அவங்கவங்க வசதிக்கு நேரம் கொடுக்கணும்னு நான் ஆதியிலிருந்தே சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்று தவமணி கொஞ்சமும் கூசாமல் முழங்கியது. கைதட்டல் காதைப் பிளந்தது.

அணில் மெல்ல வந்து, ஹெட் நர்ஸ் கையில் ஈரத்துணியைக் கொடுத்தது.

"என் நேரம் முடிஞ்சுது சிஸ்டர். இனி உங்க டியூட்டி. ரெண்டு காலிலும் நில்லுங்க, அப்பத்தான் குனிய வரும்!"

ஆகவே, தன்னைப் போன்றவர்களை மட்டுமே வேலைக்குச் சேர்ப்பவர், அத்தனை பேரும் ஒரே நாளில் லீவு போடும்போது தனியாகத்தான் நிற்க வேண்டும்.