வேம்பன் விட்டுக்கொடுத்த இடம்

புளியங்குட்டையில் தண்ணீர் குடிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் யானை, அடுத்து காட்டெருமை, மூன்றாவது முள்ளம்பன்றி வேம்பன். புலிகூட அவனுக்குப் பின்னால்தான். தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். மிதிபட்டு, கடிபட்டு, முள்ளைச் சிலிர்த்தே பிடித்த இடம் அது.

பேரத்திலும் அவனை அடிக்க ஆளில்லை. கிழங்கைத் தோண்டிக் கொடுத்துப் பழம் வாங்குவான். கரடியிடமே பாதித் தேனடையைப் பேசிப் பறித்தவன். இஷ்டம் இருந்தால் கொடு, இல்லையென்றால் நடையைக் கட்டு. அவ்வளவுதான் அவன் பேச்சு.

அப்பேர்ப்பட்டவன் மகள் தும்பைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. குட்டியின் தாய் சென்ற கோடைக் காட்டுத்தீயில் போய்விட்டாள். அவனுக்கு மிஞ்சியது இந்த ஒரே குட்டி.

ஆமை வைத்தியர் வந்து பார்த்தார். ஆடாதொடை இலைச் சாறு சொட்டுச் சொட்டாக ஏழு நாள் இறங்க வேண்டும் என்றார். குட்டியைப் படுக்க விட்டால் சளி அடைத்து மூச்சு நின்றுவிடும், யாராவது நிமிர்த்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்குக் கை வேண்டுமே! காட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் மந்தி மருக்கொழுந்துக்குச் சொல்லி அனுப்பினார்.

மருக்கொழுந்து வந்தாள். குட்டியை வாரி மார்போடு சாய்த்துக்கொண்டு வளைக்குள் உட்கார்ந்தாள்.

வேம்பன் நேராக விஷயத்துக்கு வந்தான். "ஏழு நாளைக்கு என்ன கேக்குற? இப்பவே சொல்லிடு. அப்புறம் தகராறு கூடாது."

"முதல்ல பிள்ளை மூச்சு விடட்டும்ண்ணே."

ரெண்டு கிழங்கு என்று ஆரம்பித்தான். அவள் குட்டியை இன்னும் நிமிர்த்திப் பிடித்தாள். நாலு என்றான். அவள் இலையைப் பிழிந்து குட்டியின் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். வேம்பனுக்குச் சந்தேகம் வந்தது. வாய் திறந்து கேட்பவனைச் சமாளிக்கலாம்; கேட்காமல் இருப்பவள் பெரிதாக எதற்கோ அடிபோடுகிறாள். என் கிழங்குப் புதர் மொத்தத்துக்கும் கண் வைத்திருக்கிறாளோ?

மூன்றாம் நாள் காலையில் அவள் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, நீ சத்தம் போடுறப்பல்லாம் பிள்ளை திடுக்கிடுது. மூச்சு அறுந்து அறுந்து வருது. கொஞ்சம் வெளியே இரேன்."

வேம்பனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "என் வளையிலேருந்து என்னையே வெளியே போகச் சொல்றியா? இதுக்குத்தான் விலை சொல்லாம உக்காந்திருந்தியா? எழுந்திரு, போ!"

அவன் முட்கள் முழுக்க விரிந்து நின்றன. மருக்கொழுந்து குட்டியை மண்சுவரில் சாய்த்து வைத்தாள். "படுக்க மட்டும் விட்டுடாதேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதென்ன பெரிய வித்தை என்று வேம்பன் குட்டியைத் தன் விலாவில் சாய்த்தான். அவன் முள் குத்தி அது முனகியது. மூக்கால் முட்டுக்கொடுத்தான். சரிந்தது. காலால் அணைத்தான். குப்புற விழுந்தது. தொண்டையில் கர்கர் என்று சத்தம். உதடு நீலம் பாரித்தது.

புலிக்கு அஞ்சாதவன் அலறிக்கொண்டு வெளியே ஓடினான்.

மருக்கொழுந்து எங்கும் போயிருக்கவில்லை. வளை வாசலில் இருந்த நாவல்மரத்தின் முதல் கிளையிலேயே உட்கார்ந்து, கையிலிருந்து எதையோ பல்லால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கேள்வி கேட்காமல் குதித்து உள்ளே ஓடினாள். குட்டியை நிமிர்த்தி முதுகைத் தட்டினாள். இரண்டு தட்டு, மூன்று தட்டு. கட்டியாகச் சளி வந்து விழுந்தது. தும்பை வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிப்பானது எதையும் வேம்பன் கேட்டதில்லை.

அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தான். முழங்கை வரை பிஞ்சு முட்கள். குளிரில் குட்டி நடுங்கும்போதெல்லாம் ஏறியவை. மூன்று நாளாகக் குத்திக்கொண்டே இருந்திருக்கின்றன. அவள் பிடியைத் தளர்த்தவே இல்லை.

"துரத்தினேனே, ஏன் தாயி போகல?" என்றான்.

"நீ கூப்பிடுவேன்னு தெரியும். தூரமாப் போயிருந்தா ஓடி வர நேரமாகுமே."

வேம்பன் வெளியே போய் உட்கார்ந்தான். மீதி நாலு நாளும் வாசலில் குரல் எழவில்லை.

எட்டாம் நாள் காலை தும்பை தன் காலில் நடந்து குட்டைக்கு வந்தாள். பின்னால் மருக்கொழுந்து. காட்டுப்பன்றி சிரித்தது. "என்ன வேம்பா, வைத்தியச்சியையும் அடிமாட்டு விலைக்கு மடக்கிட்டியா?"

"வாயை மூடு! மருக்கொழுந்து கையைப் பாருடா" என்றான் வேம்பன். குட்டையே அதிர்ந்தது. "எல்லாரும் பாருங்க! என் மகள் முள்ளு அது. என்னாலேயே பிடிக்க முடியாத பிள்ளையைப் பிடிச்ச கை. நான் போட்ட பேரத்திலேயே நான் தோத்த பேரம் இது ஒண்ணுதான். தோத்ததைப் பெருமையாச் சொல்றேன்."

முட்களை முதுகோடு படிய மடக்கினான். மூன்றாம் இடத்திலிருந்து விலகி நின்றான். அவன் விலகி யாரும் பார்த்ததில்லை. யானைகூடக் குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பியது.

"இனிமே இது உன் இடம் தாயி."

"இடமெல்லாம் எதுக்குண்ணே?" என்று மருக்கொழுந்து கூச்சப்பட்டாள். ஆனால் தும்பை அவள் விரலைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மூன்றாம் இடத்தில் குனிந்து குடித்தார்கள். நாலாவதாக நின்ற வேம்பன், தாகம் மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற புலி முணுமுணுக்கவில்லை.

நம் பிள்ளையின் நோவைத் தன் கையில் தாங்கியவளுக்கு விலை பேசாதே. நாலு பேர் நடுவில் அவள் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்.