மஞ்சள் கால்

"சாமி, என் கோழிகளுக்குள்ள காடு புகுந்துட்டு."

சுடலைவடிவு மூச்சு வாங்க நின்றாள். இடுப்பில் அறுப்புக் கத்தி செருகியிருந்தது.

காட்டுக்குள் குடிசை போட்டிருந்த ஓடைக்கரைச் சாமி நிமிரவில்லை. முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவளுடைய மூத்த மகன் வயதுதான் இருக்கும்.

"எப்படித் தெரியும், தாயி?"

"போன பங்குனியில ஒரு காட்டுச் சேவல் கொல்லைக்கு வந்துது. சாம்பல் நிறம். விரட்டினேன். விரட்டி என்ன? பொரிச்ச குஞ்சு பூராவும் அதோட புத்தி. வளர்ந்தும் பஞ்சாரக் கூடைக்குள்ள அடைய மாட்டேங்குது. பொழுது சாஞ்சா முருங்கையில ஏறி, வரிசையா, காட்டைப் பார்த்து உட்காருது. ஒண்ணுகூடச் சத்தம் போடல, சாமி."

"போடாட்டி என்ன?"

"என்னவா? கல்யாணமாகி வந்தப்போ எங்கம்மா கூடையில வச்சுக் கொடுத்த கோழியோட வம்சம் அது. கொண்டைக்கோழி. தலையில பூ வச்ச மாதிரி இறகு நிக்கும். இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எந்த வீட்டுலயும் கிடையாது. எங்கம்மா போய்ச் சேர்ந்துட்டா. அவ கொடுத்ததுன்னு எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். அது கெட்டுப்போகக் கூடாது."

"அதுக்குக் கத்தியா?"

"கலந்ததையெல்லாம் அறுத்துடுவேன். எது கலந்தது, எது சுத்தம்னு மட்டும் சொல்லுங்க."

சாமி எழுந்து குடிசைக்குள் போனார். வரும்போது கையில் காய்ந்த கோழிக்கால் ஒன்று இருந்தது.

"காட்டுக்கோழி கால். நரி தின்னு மிச்சம் வச்சது."

மஞ்சள் பூசிய மாதிரி இருந்தது.

"இது காட்டு நிறம், தாயி. உன் கோழிகளோட காலைப் பாரு."

"இவ்வளவுதானா! இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீ முன்னாடியே வரலையே."

மறுநாள் சாயங்காலம் வந்தாள். சேலை ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"ஏழு அறுத்தேன்."

"அப்புறம்?"

"எட்டாவதாக் கைக்கு வந்தது கிழட்டுக் கொண்டைக்கோழி. அந்தச் சேவல் வர்றதுக்கு முந்தியே பிறந்தது. ஒருநாள்கூடப் பஞ்சாரத்தை விட்டு வெளியே அடையாதது. சும்மாத்தான் காலைத் தூக்கிப் பார்த்தேன்."

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

சாமி முறத்தைக் கீழே வைத்தார்.

"பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். எதிர் வீட்டுக்கு ஓடினேன். எல்லாம் மஞ்சள். 'கோழிக்கால் வேற எப்படி இருக்கும், உனக்குக் கிறுக்கா'ன்னு சிரிக்காளுக. சாமி, அந்தச் சேவல் எப்போ வந்துது?"

"எந்தச் சேவல்?"

"எல்லாக் கோழிக்குள்ளயும் காட்டைக் கொண்டுவந்த முதச் சேவல்."

"உங்கம்மாவுக்கு யார் கோழி கொடுத்தா?"

"அவளைப் பெத்தவ."

"அவளுக்கு?"

சுடலைவடிவு விரல்விட்டு எண்ணினாள். பாட்டிக்கு மேல் விரல் நகரவில்லை.

தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்போ எங்கம்மா கொடுத்ததுன்னு எங்கிட்ட எதுவுமே இல்லையா?"

சாமி முறத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். அதில் கம்பு இருந்தது.

"கூப்பிடு."

"எதை?"

"உன் கோழிகளை."

"அதுக ஊர்ல கிடக்கு. இங்கே காடுல்லா இருக்கு."

"கூப்பிடு, தாயி."

ஒரு பிடி அள்ளி வீசினாள். அம்மா கூப்பிடுகிற மாதிரியே நாக்கைச் சொடுக்கி, இழுத்துக் கூப்பிட்டாள்.

"பா... பா... பா..."

சில்வண்டுகள் சட்டென்று நின்றன.

புதர் விலகியது. சாம்பல் நிறச் சேவல் ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு பெட்டை. அதன் பின்னால் இன்னொன்று. வந்துகொண்டே இருந்தன. எண்ணிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

இலை அசைந்தாலே பறந்துவிடுகிற பறவைகள். கம்பை மிதித்துக்கொண்டு அவள் காலடி வரைக்கும் வந்து நின்றன. ஒன்றும் சத்தம் போடவில்லை. அவள் முகத்தையே பார்த்தன.

இடுப்பிலிருந்த கத்தி நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் அவை பறக்கவில்லை.

முன்னால் நின்ற சேவல் குனிந்து ஒரு மணியைக் கொத்தியது.

அதன் தலையில், பூ வைத்த மாதிரி, இறகு நின்றது.