மூன்று முறை கேட்கப்படும் கேள்வி

வேங்கையூர் அரசன் சேந்தவர்மனின் அவையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஆணையை வாசித்தாலும், "மறுப்பவர் உண்டோ?" என்று கட்டியக்காரன் பூதியன் மூன்று முறை கேட்பான். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் வெண்கல மணியை அடிப்பான். மணி ஒலித்துவிட்டால் ஆணை சட்டமாகிவிடும். அதை மாற்ற வேண்டுமானால் இன்னோர் ஆணைக்கு மணி ஒலிக்க வேண்டும். மறுக்கும் உரிமை கடைக்கோடிக் குடிமகனுக்கும் உண்டு. அரசனின் பாட்டனார் பெருந்தன்மையோடு அளித்த உரிமை அது. ஆனால் இருபத்தேழு ஆண்டுகளாக ஒருவரும் மறுத்ததில்லை. ஆகவே பூதியன் மூன்றாம் முறை கேட்கும்போதே சுத்தியலை ஓங்கிவிடுவான்.

அந்த அவையில் வெண்காடன் என்றொரு புலவன் இருந்தான். வீரத்தைப் பற்றி நூறு பாடல்கள் இயற்றியவன். வீட்டில் எலியைக் கண்டால் மனைவியை அழைப்பவன். பின்னதை அவனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

ஒரு நாள் காலை, பானை விற்கும் சிலம்பாயியின் வழக்கு அவைக்கு வந்தது. முந்திய நாள் சந்தையில் தளபதி வச்சிரவேள் கள் மயக்கத்தில் தன் யானையை அங்குசத்தால் குத்த, அது வெருண்டு அவளுடைய பானைகளையெல்லாம் மிதித்து நொறுக்கிவிட்டது. தளபதியோ, அவள்தான் யானையின் மீது கொள்ளிக்கட்டையை எறிந்தாள் என்றும், அதைத் தன்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை என்றும் முறையிட்டான். அரசன் தளபதியை நம்பினான். அவளுடைய சூளையை இடித்து, சூரியன் மறைவதற்குள் அவளை நாடு கடத்துமாறு ஆணை பிறந்தது.

நடந்ததை முந்நூறு பேர் கண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்போது அவையில் நின்றிருந்தார்கள். எல்லோரையும்விட அருகிலிருந்து கண்டவன் வெண்காடன். யானை வந்தபோது அவன் சிலம்பாயியிடம் ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூதியன் முதல் முறை கேட்டான். அவை அமைதியாக இருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. சிலம்பாயி வெண்காடனைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. கையில என் குடத்தோட."

வெண்காடன் தன் கால் கட்டைவிரலை உற்றுப் பார்த்தான். மணி ஒலித்தது.

நண்பகலில் வீட்டுக்குப் போனவன் தண்ணீர் குடிக்கக் குடத்தைச் சாய்த்தான். சந்தையில் அவன் கையில் தப்பிய அதே குடம். குடிக்காமலே கீழே வைத்தான். பிறகு ஓர் ஓலையை எடுத்து எழுதி, அவை கூடுமுன் பூதியனின் ஓலைத் தட்டில் சேர்த்துவிட்டான்.

பிற்பகலில் அவை கூடியது. தட்டில் இருக்கும் ஓலைகளை வாசிப்பது மட்டுமே பூதியனின் பணி. பொருளை அவன் கவனிப்பதில்லை. மூன்றாவது ஓலையை எடுத்து வழக்கமான இராகத்தில் வாசித்தான்: "இன்று முதல் இந்நாட்டின் அரியணையில் புலவன் வெண்காடன் அமர்வான். மறுப்பவர் உண்டோ?"

இது அரசனின் விளையாட்டு என்று அமைச்சர் எண்ணினார். அமைச்சரின் ஏற்பாடாக இருக்கும் என்று சேனையினர் எண்ணினார்கள். பெரியவர்கள் இருக்கும்போது நமக்கென்ன என்று மக்கள் எண்ணினார்கள். அரசனோ, தன் நாற்காலிக்குத் தானே வாதாடுவது அழகல்ல, விசுவாசமுள்ள ஒருவராவது எழுந்திருக்க மாட்டாரா என்று காத்திருந்தான். மூன்று முறை கேட்டாயிற்று. மணியும் ஒலித்துவிட்டது.

வெண்காடன் அரியணையின் படியேறினான். அரசன் வாய் பிளந்தபடி எழுந்து இடம் விட்டான்.

"சிலம்பாயி மீதான ஆணையை நீக்குகிறேன். பூதியா, கேள்."

"மறுப்பவர் உண்டோ?"

"மறுக்கிறேன்," என்று தளபதி எழுந்தான். இருபத்தேழு ஆண்டுகளில் அந்த அவை கேட்ட முதல் மறுப்பு அது. "நான் கண்டதைப் பொய் என்று சொல்ல யார் இருக்கிறார்?"

"நான் இருக்கிறேன்," என்றான் வெண்காடன். "காலையிலும் இருந்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை."

அவையின் பின்வரிசையில் ஓர் எண்ணெய் வணிகர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "நானும் பார்த்தேனுங்க." அவருக்குப் பின்னால் பூக்காரி ஒருத்தி. பிறகு தளபதியின் யானைப்பாகனே முன்வந்தான். சிறிது நேரத்தில் யார் பேசுகிறார் என்று பிரித்தறிய முடியாத இரைச்சல் எழுந்தது. தளபதி உட்கார்ந்துவிட்டான், அவனுடைய மறுப்பு தள்ளுபடியாகி மணி ஒலித்தது. காவலர் நடுவே நின்ற சிலம்பாயி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வெண்காடன் அதே மூச்சில் அரியணையை அரசனுக்கே திருப்பித் தருவதாக ஆணையிட்டான். பூதியன் மூன்று முறை கேட்டு முடிப்பதற்குள் சேந்தவர்மனுக்கு வியர்த்துவிட்டது. நடுவில் யாரோ இருமியபோது திடுக்கிட்டே போனான்.

மீண்டும் அரியணையில் அமர்ந்ததும் அரசன் தளபதியைப் பதவியிலிருந்து நீக்கினான். பின்பு கேட்டான்: "புலவரே, காலையிலேயே 'மறுக்கிறேன்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே. என் நாற்காலியைப் பறிக்கும் அளவுக்கு ஏன் போனீர்?"

"அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குத் துணிவில்லை, அரசே. நாற்காலியைப் பறிப்பது அதைவிட எளிதாக இருந்தது."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துப் பரிசும் அறிவித்தான்: "இனி அந்தக் கேள்வியைப் பூதியன் உம்மைப் பார்த்து, உம் பெயரைச் சொல்லித்தான் கேட்பான். நாட்டில் தவறு நேராமல் காப்பது உம் பொறுப்பு. மறுப்பவர் உண்டோ?"

அவை மகிழ்ச்சியோடு தலையாட்டியது. பொறுப்பு வேறொருவர் தலையில் ஏறும்போது நாம் எல்லோரும் அப்படித்தான் ஆட்டுகிறோம். பூதியன் சுத்தியலை ஓங்கினான்.

"மறுக்கிறேன்," என்றான் வெண்காடன்.

"காரணம்?"

"இங்குள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்கட்டும், அரசே. என் ஒருவனிடம் விட்டால் இவர்கள் அனைவரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். நானும் ஒரு நாள் தூங்கிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?"