குடல்வாலை அறுக்கச் சொன்ன ராசா

ஏழு ஏரிக்கு அங்கிட்டு பூவாலங்கோட்டைன்னு ஒரு ஊரு இருந்துச்சு. அதை ஆண்டவன் பூவேந்திர ராசா. நல்ல மனுசன்தான், ஆனா காதுல கடைசியா யாரு என்ன ஓதுறாங்களோ அதையே நம்பிடுவான். அந்த ராசாவுக்கு ஒருநாள் வயித்துவலி வந்துச்சு. மொதல்ல தொப்புளைச் சுத்தி வலிச்சுச்சாம், அப்புறம் மெதுவா நகர்ந்து வலதுபக்கம் அடிவயித்துல உக்காந்துக்கிச்சாம். காலை நீட்ட முடியல, இரும முடியல, சிரிக்கக்கூட முடியல.

அரண்மனை வைத்தியன் சர்வபூசணம் வந்தான். கசாயம் குடுத்தான், போகல. லேகியம் குடுத்தான், போகல. பச்சிலையை அரைச்சு வயித்து மேல பத்து போட்டான், அதுக்கும் போகல. "இது கிரகக்கோளாறு"ன்னு சொல்லிட்டு நைசா ஒதுங்கிக்கிட்டான்.

ராணி அழுதுக்கிட்டே அங்கம்மாளுக்கு ஆள் விட்டா. அங்கம்மா யாருன்னா, வெட்டுக்காயம் தைக்கிறது, கட்டி கீறுறது, பிள்ளைப்பேறு பாக்குறதுன்னு எல்லாத்துக்கும் ஊரே தேடிப்போற ரணவைத்தியச்சி. அவ வந்து ராசா வயித்தை மெல்ல அழுத்துனா. பல்லைக் கடிச்சுக்கிட்டான். சட்டுன்னு கையை எடுத்தா, அப்பத்தான் ராசா 'ஐயோ'ன்னு அலறிட்டான்.

"தாயி, உள்ள என்னமோ பழுத்திருக்கு, கீறி எடுக்கணும்"னா. "கீறுனா பொழைப்பாருன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கீறலைன்னா பொழைக்கமாட்டாரு, அதுக்கு வேணா சத்தியம் பண்றேன்."

"கீறு அங்கம்மா"ன்னா ராணி.

பச்சிலைச் சாறு குடுத்து மயக்கி, கத்தியைக் கொதிதண்ணியில போட்டெடுத்துக் கீறுனா. பெருங்குடல் தொடங்குற எடத்துல மண்புழு மாதிரி ஒரு வாலு தொங்குச்சு. சுண்டுவிரல் தண்டிதான் இருக்க வேண்டியது, கட்டைவிரல் தண்டிக்கு வீங்கிச் செவந்து கெடந்துச்சு. அறுத்தெடுத்தா, தைச்சா, ராசா பொழைச்சுக்கிட்டான். மூஞ்சியைச் சுளிக்காதடி பேத்தி, உன் வயித்துலயும் அது இருக்கு!

எந்திரிச்சு உக்காந்ததும் ராசா கேட்டான், "இந்த வாலு எதுக்கு அங்கம்மா?"

"தெரியலையே ராசா"ன்னா. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவ அவ.

சர்வபூசணத்துக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஓடியாந்து ராசா காதுல ஓதுனான். "மகாராசா, அது ஒண்ணுத்துக்கும் ஒதவாத வாலு. எல்லாரு வயித்துலயும் இருக்கு, எப்ப வேணா வீங்கும். ஊர்ல ஒருத்தர் விடாம அறுத்துட்டா இந்த வலியே இருக்காது. மொதல்ல படையாளுங்களுக்கு அறுப்போம்."

"சரிதானே!"ன்னான் ராசா. கடைசியாச் சொன்னது அவன்தானே.

அங்கம்மாளைக் கூப்பிட்டு, "அறு"ன்னாங்க.

"மாட்டேன் ராசா. நோவுற வயித்துல கத்தி வச்சேன். நோவாத வயித்துல வைக்கமாட்டேன்."

"பொன் தாறேன்."

"மாட்டேன்."

"என் ஆணை!"

"உங்க ஆணை ஊருக்குச் செல்லும், என் கத்திக்குச் செல்லாது."

ராசாவுக்குக் கோவம் வந்துருச்சு. "ஆத்தைத் தாண்டிப் போயிரு, இனி இந்த ஊர்ல கால் வைக்காத"ன்னுட்டான். அவளும் கத்திப்பையை எடுத்துக்கிட்டு, ஆத்தைத் தாண்டி மாட்டுக்காரங்க பட்டியில கோணம்மான்னு ஒருத்தி வீட்ல ஒண்டிக்கிட்டா.

இங்க சர்வபூசணம் ஆளுங்களை வச்சு அறுக்க ஆரம்பிச்சான். படையாளுங்களுக்கு அறுத்தான், அரண்மனை ஆளுங்களுக்கு அறுத்தான், அப்புறம் கடைத்தெருவுக்கு வந்துட்டான். காத்தமுத்துன்னு ஒரு குதிரைக்காரன், கல்லு மாதிரி இருந்தவன், அறுத்த காயம் சீழ் வச்சு, காய்ச்சல் கண்டு, அஞ்சாம் நாள் செத்தே போனான். அவன் பொண்டாட்டி சீனியம்மா அரண்மனை வாசல்ல நின்னு, "நோவில்லாத மனுசனை ஏன்யா அறுத்தீங்க?"ன்னு கேட்டா.

அப்புறம் மழைக்காலம் வந்துச்சு. ஆத்துல புதுவெள்ளம் வந்து கெணத்துத் தண்ணியெல்லாம் கெட்டுப்போயி, பேதி கண்டுச்சு. கோட்டையிலயும் பேதி, பட்டியிலயும் பேதி. அங்கம்மா பட்டியில வீடு வீடாப் போயி, வெந்நீரு குடுத்தா, உப்புப்போட்ட கஞ்சித்தண்ணி குடுத்தா. எட்டு நாள்ல எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. கோட்டையிலயோ, வாலு அறுத்தவங்களுக்கு நிக்கிற மாதிரி நிக்கும், மறுபடியும் புடுங்கும், நிக்கும், மறுபடியும் புடுங்கும். மாசமாச்சு. ராசாவும் எலும்பும் தோலுமாக் கெடந்தான். இந்தச் சேதி ஆத்தைத் தாண்டி வந்துச்சு. அங்கம்மா யோசிச்சா, யோசிச்சா, ஒண்ணும் புரியல.

அன்னைக்குக் காலையில கோணம்மா வீட்ல ஒரு கெடா உள்ள பூந்து தயிர்ப்பானையைத் தட்டிவிட்டுருச்சு. அம்புட்டும் தரையில ஓடிப்போச்சு.

"அடப்பாவமே, இனி பாலை எப்படித் தோய்ப்ப?"ன்னா அங்கம்மா.

கோணம்மா சிரிச்சா. "அக்கா, உறைமோரை யாராச்சும் அந்தப் பானையிலயே வைப்பாங்களா? ஒரு சின்னக் கிண்ணத்துல ஒதுக்கி மூலையில வச்சிருக்கேன். பானை கவுந்தாலும் அது இருக்கும். ஒரு கரண்டி விட்டா விடியிறதுக்குள்ள பானை நெறஞ்ச தயிராகிரும்."

அங்கம்மாளுக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. கொடலுக்குள்ளயும் தயிர்ல இருக்குற மாதிரி கண்ணுக்குத் தெரியாத நல்ல உசுருங்க இருந்துதான் சோத்தைப் பக்குவம் பண்ணுது போலிருக்கு. பேதி வந்தா அதையெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிரும். அப்ப, ஒதுக்குப்புறமா இருக்குற அந்த வாலுக்குள்ள பதுங்கியிருக்குறது வெளிய வந்து, கொடலை மறுபடியும் உறைகுத்தி விட்டுரும். அதான் பட்டிக்காரங்க சீக்கிரம் தேறுனாங்க! உடனே கோட்டைக்குக் கெளம்புனா.

"உன்னைத் தொரத்துன ஊருக்குப் போகணுமா அக்கா?"ன்னு கோணம்மா கேட்டா.

"தொரத்துனவன் ஒருத்தன், சாகக் கெடக்குறவங்க ஆயிரம் பேரு"ன்னு சொல்லிட்டு, அவளையும் கூட்டிக்கிட்டு, பானை பானையா மோரும் பழைய சோத்துத் தண்ணியும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்துட்டா. தெனம் மூணு வேளை, கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தா. ஒரு வாரத்துல கொஞ்சம் பேரு எந்திரிச்சாங்க, ரெண்டாம் வாரம் பாதிப்பேரு, மூணாம் வாரம் ராசாவே எந்திரிச்சு நடந்தான்.

நடந்தவன் நேரா அங்கம்மா முன்னால வந்து கையெடுத்துக் கும்பிட்டான். அவ வெவரத்தைச் சொன்னா. ராசா சர்வபூசணத்தைத் திரும்பிப் பாத்தான். அவன் பேதி கண்டு பத்தே நாள்ல கொழுக்கு மொழுக்குன்னு தேறி நிக்கிறான்!

"மேல்துண்டை எடுய்யா"ன்னான் ராசா.

எடுத்தான். வயித்துல ஒரு கீறல்கூட இல்ல.

"ஒண்ணுத்துக்கும் ஒதவாததுன்னியே, நீ ஏன்யா அறுத்துக்கல?"

"பயமா இருந்துச்சு மகாராசா"ன்னான், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு.

"உனக்கு மட்டுந்தான் பயம் இருக்கும், அடுத்தவனுக்கு இருக்காதா?"ன்னு கேட்டா அங்கம்மா.

'தலையை எடுங்க'ன்னான் ராசா. அங்கம்மாதான் தடுத்தா. அதுக்குப் பதிலா, அவன் அறுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயுசு பூரா மோர்ப்பானையைத் தலையில சொமந்துட்டுப் போயி ஊத்தணும்னு ஆச்சு. மொதல் வீடு சீனியம்மா வீடு. அவ மோரை வாங்கல, கதவைச் சாத்திட்டா. அவன் மறுநாளும் போயி நின்னான், அதுக்கு மறுநாளும் போயி நின்னான். ராசாவும் ஒருநாள் நடந்தே போயி, "தப்பு என்னோடதும்தாம்மா"ன்னு சொன்னான். போன உசுரு அதுக்கெல்லாம் திரும்பி வருமா? வராது. ராசாவும் அதுக்கப்புறம் எதையும் ரெண்டு பேரைக் கேக்காம செய்யுறதில்ல.

இம்புட்டுத்தாங்க கதை. எதுக்குன்னு தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்லணும், வேண்டாததுன்னு சொல்லிறக்கூடாது. அதுக்காக, வலதுபக்கம் அடிவயித்துல வலிச்சா வாயைப் பொத்திக்கிட்டும் கெடக்கக்கூடாது, உடனே என்கிட்ட வந்து சொல்லணும், தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிருவேன். கேட்டவங்க வயிறு குளுரட்டும், சொன்னவ வாய்க்கு ஒரு வெத்தலை மடிச்சுக் குடுங்க.