கொம்பில் சுழி வைத்த எழுத்து

கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லும் வழக்கம் பகவதி டீச்சருக்கு என்றைக்குமே இல்லை. அது தெரிந்திருந்தும் கிறிஸ்துதாஸ் ஒருநாளும் கேட்காமல் இருந்ததில்லை.

நாகர்கோவிலில், பல் டாக்டர் நசீமாவின் கிளினிக்குக்கு மேல்மாடியில் டீச்சரின் எழுத்துக்கூடம் இருந்தது. புத்தகங்களுக்குத் தமிழ் எழுத்துரு வரைகிற இடம். கிறிஸ்துதாஸ் நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வுபெற்றவர். வயதில் டீச்சரைவிட ரொம்பவே மூத்தவர். ஆனாலும் மாணவர் அவர்தான்.

அன்று காலையிலிருந்தே அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வரைந்த முதல் எழுத்துரு முடிந்துவிட்டது! பழைய அச்சுப் புத்தகங்களின் சாயல் அதற்கு. தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகள். கோடு முடிகிற இடத்தில் ஊன்றி நிற்க ஒரு சின்னப் பாதம். அது போதாதென்று, கொம்பு வருகிற இடமெல்லாம் அதன் நுனியில் கடலலை மாதிரி ஒரு சுழி. அந்தச் சுழி அவருடைய சொந்தச் சரக்கு.

ஒரு பதிப்பகம் தன் பெரிய கடல் நாவலுக்கு எழுத்துரு தேடிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அனுப்பினால் உண்டு. இல்லாவிட்டால் வேறு யாருடையதாவது புத்தகமாகிவிடும்.

"டீச்சர், என் எழுத்து தேறுமா?"

டீச்சர், பதிப்பகம் கொடுத்திருந்த நாவல் அத்தியாயத்தை அந்த எழுத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கிறிஸ்துதாஸ் பின்னாலேயே ஓடினார்.

டாக்டர் நசீமா ஒரு நோயாளிக்கு மரப்பு ஊசி போட்டுவிட்டு, மரக்கட்டும் என்று காத்திருந்தார். தாள்களை வாங்கிப் பார்த்தார்.

"ஐயோ, இந்தக் கொம்பைப் பாருங்களேன், என்ன அழகு!"

இரண்டு வரி தள்ளி, "இந்தா, இங்கேயும் ஒண்ணு!" என்றார். பக்கம் திரும்புவதற்குள் நாலு தடவை வியந்துவிட்டார். "நீங்க வரைஞ்சதா அண்ணாச்சி? உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

கிறிஸ்துதாஸ் பூரித்துப்போனார்.

"படகு என்ன ஆச்சு டாக்டர்?" என்று கேட்டார் டீச்சர்.

"எந்தப் படகு?"

கிறிஸ்துதாஸ் முகத்தில் ஈயாடவில்லை. அத்தியாயம் முழுக்கப் புயலில் மாட்டிய படகுதான். வேறு ஒன்றுமே கிடையாது.

மாடிக்கு வந்ததும் அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சுழியை எடுத்துட்டா என்னோடதுன்னு அதுல என்ன டீச்சர் இருக்கு?"

"எடுக்கச் சொல்லலையே. அட்டையில வைங்க, தலைப்புல வைங்க. கல்யாணக் கார்டுன்னா இன்னும் ரெண்டு சுழி கூடப் போடுங்க."

"உள்ள பக்கத்துல?"

டீச்சர் கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அவர் கணினியை முறைத்தார். பிறகு ஒவ்வொரு சுழியாக எடுத்தார். பெற்ற பிள்ளைக்கு மொட்டையடிப்பது போல மனசு கிடந்து தவித்தது. எல்லாம் போன பிறகுதான் அந்தச் சின்னப் பாதங்கள் கண்ணில் பட்டன. ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது ஊன்றி, வரி நூல்பிடித்த மாதிரி அக்கரைக்கு ஓடியது. பாலம் வரைந்த மனிதருக்கு அது என்னவென்று தெரியாதா? சூடு ஆறாத தாள்களோடு அவரே கீழே ஓடினார்.

நசீமா அடுத்த நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு நின்றிருந்தார்.

"காலையில பார்த்ததுதானே அண்ணாச்சி?"

"இன்னொரு தடவை, டாக்டர்."

நசீமா வாசித்தார். பக்கம் திரும்பியது. மறுபடியும் திரும்பியது. "டாக்டர், அவருக்கு மரத்துடுச்சாம்" என்று நர்ஸ் வந்து சொன்னாள். நசீமா அடுத்த தாளை எடுத்தார். நாற்காலியில் கிடந்தவர் கையை ஆட்டினார். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

கிறிஸ்துதாஸால் பொறுக்க முடியவில்லை. "எழுத்து எப்படி இருக்கு டாக்டர்?"

"சும்மா இருங்க அண்ணாச்சி! பாய்மரம் ஒடிஞ்சிடுச்சு, உள்ள தண்ணி ஏறுது!"

பல்வலிக்காரர் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து, மரத்த வாயோடு, "அப்புறம்?" என்றார்.

கிறிஸ்துதாஸ் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். "டீச்சர்! டாக்டர் தலை நிமிரலை! நோயாளியும் கதை கேக்காரு!" சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. மூச்சு அடங்கியதும் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"ஆனா என் எழுத்தை அவங்க பார்க்கவே இல்லையே, டீச்சர்."

டீச்சர் அந்த எழுத்துருவைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"பார்த்திருந்தா படகுல ஏறியிருக்க மாட்டாங்களே, அண்ணாச்சி."